நாணல் பூவுக்காக ஓராண்டு

1952-ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம் 27-ஆம் தேதி. வங்காளத்தில் பால்சித் என்ற ஊரின் அருகே ஒரு பரந்த வெளி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நாணல் பூத்திருந்தது. பஞ்சை வாரி இறைத்தது போல எங்கு பார்த்தாலும் வெள்ளை வெளேர்! சற்றுத் தள்ளி ஒரு ரயில் பாதை ஓடியது.

அந்த வெளியில் மிக உயரமான இளைஞர் ஒருவர் தம் நண்பர்களோடு வந்து இறங்கினார். கையில் வாடகைக்கு எடுத்த சினிமாக் காமிரா. உடன் இரண்டு குழந்தைகள், ஒரு சிறுமியும் ஒரு சிறுவனும். கதைப்படி அவர்கள் அக்காவும் தம்பியும். நாணல் காட்டுக்குள் புகுந்து, வாழ்க்கையில் முதல் முறையாக அவர்கள் ரயிலைப் பார்க்க வேண்டும். அதுதான் காட்சி.

அந்த இளைஞர் அதற்கு முன் ஒரு படம்கூட எடுத்ததில்லை. காமிராவுக்குப் பின்னால் நின்றவரும் ஓர் இளைஞர்தான். அவர் புகைப்படம் எடுப்பார். சினிமாக் காமிராவை இயக்கியதே இல்லை. நடித்த சிறுவனுக்கும் நடிப்பு புதிது. ஒரு நாளில் பாதிக் காட்சிதான் முடிந்தது. மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம் என்று ஊர் திரும்பினார்கள்.

அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால், வெளி மொட்டையாகக் கிடந்தது! அந்த வாரத்தில் மாடுகள் வந்து நாணலை மேய்ந்துவிட்டன. ஒரு பூகூட மிச்சம் இல்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வேறு ஏதாவது ஓர் இடத்தில் எடுத்துச் சமாளித்திருப்பீர்களா? அந்த இளைஞர் அப்படிச் செய்யவில்லை. மறு ஆண்டு நாணல் மீண்டும் பூக்கும் வரை காத்திருந்தார். பூத்த பிறகு அதே இடத்துக்கு வந்து, மீதிக் காட்சியை எடுத்தார்.

அவர்தான் சத்யஜித் ரே. அந்தப் படம் 'பதேர் பாஞ்சாலி'. இந்தியாவின் தலைசிறந்த திரைப்பட இயக்குநர்களில் ஒருவராக உலகம் அவரை இன்றும் போற்றுகிறது. பெரிய நட்சத்திரங்கள் இல்லை, கையில் பணம் இல்லை, அனுபவமும் இல்லை. பிறகு எப்படி அவர் வெற்றி பெற்றார்? வாருங்கள் குழந்தைகளே, அவருடைய கதையைப் பார்ப்போம்.

அச்சு மை மணந்த வீடு

சத்யஜித் ரே 1921-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி கல்கத்தாவில், அதாவது இன்றைய கொல்கத்தாவில், பிறந்தார். வீட்டில் செல்லப் பெயர் மாணிக். வங்காளியில் மாணிக் என்றால் மாணிக்கம்.

தாத்தா உபேந்திரகிஷோர் எழுத்தாளர், ஓவியர், வயலின் வாசிப்பவர். படங்களைத் தெளிவாக அச்சிடும் முறையில் இந்தியாவின் முன்னோடிகளில் ஒருவர். குழந்தைகளுக்காக 1913-இல் 'சந்தேஷ்' என்ற மாத இதழைத் தொடங்கினார். சந்தேஷ் என்றால் செய்தி என்று பொருள். வங்காளிகள் விரும்பி உண்ணும் ஓர் இனிப்புக்கும் அதுவே பெயர். செய்தியும் வேண்டும், இனிப்பும் வேண்டும். குழந்தைகள் இதழுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா?

அப்பா சுகுமார் ரே, சிரிக்கச் சிரிக்கக் குழந்தைப் பாடல்கள் எழுதியவர். வீட்டிலேயே அச்சகம் இருந்தது. தவழும் வயதிலேயே மாணிக்கின் காதில் அச்சு இயந்திரத்தின் ஓசை விழுந்தது.

ஆனால் அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல் சுகுமாரைத் தாக்கியது. அந்தக் காலத்தில் அதற்குச் சரியான மருந்து இல்லை. 1923-இல், தமது 35-ஆம் வயதில், அவர் இறந்து போனார். தாம் எழுதிப் படமும் வரைந்த 'ஆபோல் தாபோல்' பாட்டுப் புத்தகம் வெளிவருவதைக்கூட அவர் பார்க்கவில்லை. அப்போது மாணிக்குக்கு இரண்டரை வயதுகூட நிரம்பவில்லை.

சில ஆண்டுகளில் அச்சகமும் கைவிட்டுப் போனது. அம்மா சுப்ரபா மகனை அழைத்துக்கொண்டு தம்முடைய சகோதரர் வீட்டுக்குக் குடியேறினார். விதவைப் பெண்களுக்கான பள்ளி ஒன்றில் கைவேலை கற்றுக்கொடுத்து மகனை வளர்த்தார்.

சுவரில் ஓடிய தலைகீழ்த் தெரு

மாமா வீட்டில் மாணிக்குக்கு விளையாட்டுத் தோழர்கள் அதிகம் இல்லை. அவன் தனியாக இருந்து எல்லாவற்றையும் கவனித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டான்.

கோடைக் காலத்து மதியம். வெயிலுக்காக அறையின் கதவுகளும் சன்னல்களும் மூடியிருக்கும். சன்னல் கதவின் சிறு இடுக்கு வழியாக வெளிச்சம் உள்ளே விழும். எதிர்ச் சுவரைப் பார்த்தால் அதிசயம்! வெளியே தெருவில் போகிற மனிதர்களும் வண்டிகளும் சுவரில் தலைகீழாக நகர்ந்து போவார்கள். மாணிக் நேரம் போவது தெரியாமல் அந்த இலவச பயாஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

இது மாயம் இல்லை. உங்கள் அறிவியல் புத்தகத்தில் ஊசித்துளைக் காமிரா படித்திருப்பீர்களே, அதுதான் இது! ஒளி நேர்கோட்டில் செல்லும். மேலே இருந்து வரும் ஒளி சிறு துளை வழியாக நுழைந்து சுவரின் கீழ்ப்பகுதியில் விழும். கீழே இருந்து வருவது மேலே விழும். அதனால் படம் தலைகீழாகத் தெரிகிறது. எத்தனையோ வீடுகளில் இப்படி வெளிச்சம் விழுந்திருக்கும். நின்று பார்த்தவர்கள்தான் குறைவு.

சிறுவனாக இருந்தபோது மாணிக் அம்மாவுடன் சாந்திநிகேதனுக்குப் போனான். மகாகவி ரவீந்திரநாத் தாகூரிடம் கையெழுத்துக்காகத் தன் குட்டி நோட்டை நீட்டினான். தாகூர் வெறும் கையெழுத்துப் போடாமல், எட்டு வரியில் ஒரு கவிதையே எழுதிக் கொடுத்தார். தொலைதூர மலைகளையும் கடல்களையும் தேடிப் போகிற மனிதன், தன் வீட்டு வாசலுக்கு அருகே கதிரில் தங்கியிருக்கும் பனித்துளியைப் பார்க்கத் தவறுகிறான் என்பது அதன் கருத்து. வளர்ந்த பிறகு இதன் பொருள் பையனுக்குப் புரியும் என்று தாயிடம் சொல்லி அனுப்பினார்.

பொருள் புரிந்தது. ரேயின் படங்கள் எல்லாம் அந்தப் பனித்துளியைக் காட்டும் படங்கள்தாம்.

கோடு கற்றுத் தந்த பாடம்

பள்ளிப் படிப்பு முடித்து, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றார் ரே. அம்மாவின் விருப்பப்படி 1940-இல் சாந்திநிகேதனில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி ஆகிய பெரிய ஓவியர்கள் அவருக்கு ஆசிரியர்களாக அமைந்தார்கள்.

நகரத்தில் வளர்ந்த ரே, கிராமத்தை நெருங்கிப் பார்த்தது அங்கேதான். வயல், குளம், மூங்கில் புதர், பனை மரம், கிராமத்து மக்கள் என்று ஓயாமல் வரைந்தார். ஒன்றை வரைய வேண்டுமானால் முதலில் அதைச் சரியாகப் பார்க்க வேண்டும் அல்லவா? கையோடு கண்ணும் பயிற்சி பெற்றது.

1943-இல் கல்கத்தாவில் ஓர் ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 80 ரூபாய். கூடவே புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரையும் வேலையும் கிடைத்தது. அப்படி வந்த புத்தகங்களில் ஒன்று பிபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்பு. ஓர் ஏழைக் குடும்பம். அக்கா துர்கா, தம்பி அபு. படம் வரைவதற்காகப் படிக்கத் தொடங்கியவருக்கு அந்தக் குழந்தைகள் கண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டார்கள். இதைத் திரைப்படமாக எடுக்க வேண்டும் என்ற ஆசை முளைத்தது.

தமக்குத் தாமே ஆசிரியர்

ஆசை இருந்தால் போதுமா? கற்க வேண்டுமே! அப்போது இந்தியாவில் திரைப்படக் கல்லூரி கிடையாது. ரே தமக்குத் தாமே ஒரு பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டார்.

படங்களை வெறும் பொழுதுபோக்காகப் பார்ப்பதை விட்டார். இருட்டில் உட்கார்ந்தபடியே குறிப்பு எடுப்பார். காமிரா எங்கே இருக்கிறது? காட்சி எங்கே வெட்டப்படுகிறது? ஏன் அங்கே வெட்டினார்கள்? இப்படிக் கவனிப்பார்.

இன்னொரு வேடிக்கையான பயிற்சியும் செய்தார். ஏதாவது ஒரு கதை படமாக வரப்போகிறது என்று தெரிந்தால், அதற்கு முன்பே அந்தக் கதைக்குத் தாமே ஒரு திரைக்கதை எழுதிவிடுவார். படம் வந்ததும் போய்ப் பார்ப்பார். தாம் எழுதியது எங்கே சறுக்கியது, அவர்கள் செய்தது எங்கே சிறந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார். விடையைப் பார்க்கும் முன் கணக்கைத் தாமே போட்டுப் பார்ப்பது மாதிரிதான் இதுவும்!

1947-இல் நண்பர்களுடன் சேர்ந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். 1949-இல் ழான் ரெனுவார் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு இயக்குநர், படப்பிடிப்புக்கு இடம் தேடிக் கல்கத்தாவுக்கு வந்தார். ரே அவருடன் ஊர் ஊராகச் சுற்றினார். ஒரு பெரிய இயக்குநர் ஓர் இடத்தை எப்படிப் பார்க்கிறார் என்பதை அருகிலிருந்தே பார்த்தார். அதே ஆண்டில் விஜயாவைத் திருமணம் செய்துகொண்டார்.

1950-இல் அலுவலகம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ நூறு படங்கள் பார்த்துத் தீர்த்தார். அவற்றில் ஒன்று 'பைசிக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படம். திருட்டுப் போன சைக்கிளைத் தேடி அலையும் ஓர் ஏழைத் தந்தையும் மகனும்தான் கதை. அதில் நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்ல. எடுத்த இடங்களும் பெரும்பாலும் உண்மைத் தெருக்கள். ரேக்கு ஒரு கதவு திறந்தது போல் இருந்தது. நம் ஊரில், நம் மக்களைக் கொண்டு, இப்படி ஒரு படம் எடுக்க முடியும் என்று உறுதி கொண்டார். ஊர் திரும்பும் கப்பலிலேயே 'பதேர் பாஞ்சாலி'க்குக் குறிப்புகள் எழுதத் தொடங்கினார்.

நகையும் அடகு போனது

தயாரிப்பாளர்களைத் தேடி நடையாய் நடந்தார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, நட்சத்திரம் இல்லை என்றதும் எல்லோரும் கைவிரித்தார்கள்.

கடைசியில் தம் காப்பீட்டுப் பத்திரத்தின் பேரில் கடன் வாங்கினார். ஆசை ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகளையும் புத்தகங்களையும் விற்றார். மனைவியின் நகைகளும் அடகுக் கடைக்குப் போயின. வேலையையும் விடவில்லை, வாரம் முழுவதும் அலுவலகம், ஞாயிறும் விடுமுறை நாட்களும் படப்பிடிப்பு.

பணம் தீர்ந்தால் படப்பிடிப்பு நிற்கும். ஒரு முறை மாதக் கணக்கில் நின்றது. ரேயின் கவலை பணத்தைப் பற்றி மட்டும் அல்ல. அபுவாக நடித்த சிறுவனுக்குக் குரல் உடைந்துவிட்டால்? துர்கா மளமளவென்று வளர்ந்துவிட்டால்? கூன் விழுந்த பாட்டியாக நடித்த சுனிபாலா தேவிக்கு ஏறத்தாழ 80 வயது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? படம் அவ்வளவுதான்! நல்ல வேளையாக இந்த மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை. இதைப் பிற்காலத்தில் அவரே எண்ணி எண்ணி வியந்திருக்கிறார்.

அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் மூலமாகச் செய்தி மேற்கு வங்க முதலமைச்சர் பி.சி.ராயிடம் போனது. அரசு பணம் தர ஒப்புக்கொண்டது. எந்தக் கணக்கில் தெரியுமா? சாலை மேம்பாட்டுக் கணக்கில்! 'பதேர் பாஞ்சாலி' என்றால் சாலையின் பாட்டு என்று பொருள். அதனால் அந்தக் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அபு நடந்த நடை

இயக்குநரின் திறமை என்பது என்ன? பெரிய காமிராவா? அழகான உடைகளா? ஒரு சின்னக் காட்சியைப் பாருங்கள், புரியும்.

நாணல் காட்டில் அபு தன் அக்காவைத் தேடி நடந்து வர வேண்டும். அபுவாக நடித்த சுபீர் பக்கத்து வீட்டுப் பையன். அவன் விளையாடியதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் ரேயின் மனைவி. காமிராவைக் கண்டதும் பையன் அணிவகுப்பில் நடப்பது போல விறைப்பாக நடந்தான். தேடுபவன் அப்படியா நடப்பான்? தயங்குவான், நிற்பான், திரும்பிப் பார்ப்பான்.

ரே அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவன் நடக்க வேண்டிய பாதையில் சிறு குச்சிகளைப் போட்டுவைத்தார். அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்கும்போது நடையில் விறைப்பு போய்விட்டது. நாணலுக்குள் உதவியாளர்களை அங்கங்கே ஒளிந்திருக்கச் செய்தார். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவனைக் கூப்பிட்டார்கள். குரல் வந்த பக்கமெல்லாம் பையன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்! திரையில் பார்த்தால், ஒரு தம்பி உண்மையாகவே அக்காவைத் தேடுகிறான்.

மற்றொரு காட்சியில் மிட்டாய்க்காரர் முன்னே போக, அவர் பின்னால் அபுவும் துர்காவும் போவார்கள்; அவர்கள் பின்னால் ஒரு நாய் போக வேண்டும். அது பழக்கிய நாய் அல்ல, கிராமத்து நாய். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. பிலிம் வீணாகிக்கொண்டே இருந்தது. கடைசியில் துர்காவின் கையில் சந்தேஷ் இனிப்பைக் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் நாய்க்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு அழகாகப் பின்தொடர்ந்தது!

படப்பிடிப்பு நின்றுபோன மாதங்களில் அந்த நாய் இறந்துவிட்டது. அதே நிறத்தில் வேறொரு நாயைத் தேடிப் பிடித்து மீதியை எடுத்தார். மிட்டாய்க்காரராக நடித்தவரும் காலமாகிவிட்டார். அதே உடல்வாகு கொண்ட இன்னொருவரைத் தேடி, முகம் தெரியாமல் முதுகுப் பக்கமிருந்து எடுத்தார். ஒரே மிட்டாய்க்காரருக்கு இரண்டு பேர், ஒரே நாய்க்கு இரண்டு நாய்கள். பார்த்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை!

சொல்லவில்லை, காட்டினார்

ரேயின் பாணியில் மிக முக்கியமானது இதுதான். வாயால் சொல்வதைக் குறைத்து, கண்ணுக்குக் காட்டுவார்.

படத்தில் ஓரிடத்தில், அடுத்த வீட்டுக்காரர்களின் மாலை ஒன்று காணாமல் போகும். துர்காதான் எடுத்தாள் என்று பழி சொல்வார்கள். அவள் இல்லை என்பாள். பிறகு துர்கா காய்ச்சலில் இறந்துபோகிறாள். குடும்பம் ஊரைவிட்டுப் போக மூட்டை கட்டுகிறது. அபு பரணில் இருந்த பொருட்களை எடுக்கும்போது, ஒரு கொட்டாங்கச்சியிலிருந்து அந்த மாலை விழுகிறது. அக்காவின் இரகசியம்! அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். பாசி விலகுகிறது, மாலை மூழ்குகிறது, பாசி மெல்ல மெல்ல வந்து மூடிக்கொள்கிறது.

ஒரு வசனம்கூட இல்லை. ஆனால் அந்தத் தம்பியின் மனம் நமக்குப் புரிகிறதா, இல்லையா?

துர்கா இறந்தது தெரியாமல், வெளியூர் போயிருந்த அப்பா அவளுக்காகப் புதுச்சேலை வாங்கி வருவார். அதைப் பார்த்ததும் அம்மா கதறி அழுவாள். ரே அந்த அழுகுரலைக் கேட்கவே விடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தந்திக் கருவியின் உச்சமான நாதம் ஒலிக்கும். அழுகையைவிட அது நெஞ்சைப் பிழியும். படத்துக்கு இசை அமைத்தவர் சிதார் மேதை ரவிசங்கர்.

1955 மே மாதம் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் படம் முதலில் காட்டப்பட்டது. அதை அனுப்புவதற்காகக் கடைசி நாட்களில் இரவும் பகலும் தூங்காமல் உழைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதி கல்கத்தாவில் வெளியானது. முதல் சில நாட்கள் கூட்டம் இல்லை. பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் வந்து, அரங்கு நிரம்பி வழிந்தது.

இங்கே நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. சில வாரங்களில் அந்தத் திரையரங்கில் வேறு படம் போட வேண்டியதாயிற்று. அது சென்னை ஜெமினி எஸ்.எஸ்.வாசனின் 'இன்சானியத்' என்ற இந்திப் படம். 'பதேர் பாஞ்சாலி'யைப் பார்த்த வாசன், மறுநாள் காலையிலேயே ரேயின் வீடு தேடிப் போனார். இப்படிப்பட்ட படம் ஓடுவது முன்பே தெரிந்திருந்தால் தம் படத்தைத் தள்ளிப் போட்டிருப்பேன் என்று சொன்னார். எவ்வளவு பெரிய மனம்!

1956-இல் பிரான்ஸ் நாட்டின் கான் திரைப்பட விழாவில் 'பதேர் பாஞ்சாலி' சிறப்பு விருது பெற்றது. அபுவின் கதையை 'அபராஜிதோ', 'அபுர் சன்சார்' என்று மேலும் இரண்டு படங்களாக ரே எடுத்தார். 'அபராஜிதோ' 1957-இல் வெனிஸ் விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கத்தை வென்றது.

அந்தப் படத்துக்குக் காசி நகரத்து வீட்டின் முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் அமைத்தார்கள். முற்றத்தில் வானத்து வெளிச்சம் நிழலே இல்லாமல் மென்மையாக விழ வேண்டும். விளக்கை நேரே அடித்தால் நிழல் பல திசையில் விழுமே! ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா ஒரு வழி கண்டுபிடித்தார். மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, வான வெளிச்சம் போலவே விழுந்தது. நாணல் வெளியில் முதன்முதலாக சினிமாக் காமிராவை இயக்கினாரே, அதே இளைஞர்தான் இவர்!

சிவப்புத் துணி நோட்டு

கடைக்காரர்கள் வரவு செலவு எழுதும் சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ரேக்கு அந்த நோட்டுதான் உயிர். ஒவ்வொரு படத்துக்கும் அதில் காட்சி காட்சியாகப் படம் வரைந்து வைப்பார். பாத்திரங்களின் முகம், உடை, அறையில் நாற்காலி இருக்கும் இடம், வசனம், இசைக் குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். முதல் நாள் படப்பிடிப்புக்குப் போகும்போதே முழுப் படமும் அவர் மனத்தில் ஓடி முடிந்திருக்கும். குறைந்த பணத்தில் நல்ல படம் எடுத்த இரகசியம் அதுதான்.

திரைக்கதை, வசனம், இயக்கம் என்று நிற்கவில்லை. 1961 முதல் தம் படங்களுக்குத் தாமே இசை அமைத்தார். பிறகு காமிராவையும் தாமே இயக்கினார். சுவரொட்டியும் தாமே வரைந்தார். ஆங்கில எழுத்துகளுக்குப் புதிய வடிவங்கள்கூட உருவாக்கினார்.

அதே 1961-இல், நின்றுபோயிருந்த தாத்தாவின் 'சந்தேஷ்' இதழை நண்பர் ஒருவருடன் சேர்ந்து மீண்டும் தொடங்கினார். அதற்காகக் கதைகள் எழுதினார். துப்பறியும் ஃபெலுதாவும், விஞ்ஞானி பேராசிரியர் ஷோங்குவும் அப்படிப் பிறந்தவர்கள்தாம். உலகப் புகழ் பெற்ற இயக்குநர், குழந்தைகள் இதழுக்கு உட்கார்ந்து கதை எழுதிப் படமும் வரைந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்!

மகன் கேட்ட படம்

ரேயின் மகன் சந்தீப். அப்பாவின் படங்கள் எல்லாம் பெரியவர்களுக்காகவும் சோகமாகவும் இருக்கின்றன, எங்களுக்கு ஒரு படம் எடுங்கள் என்று அவன் கேட்டான். நியாயமான கேள்விதானே!

தாத்தா உபேந்திரகிஷோர் எழுதிய கதை ஒன்றை எடுத்தார் ரே. அதுதான் 1969-இல் வெளியான 'கூபி காயென் பாகா பாயென்'. பாடத் தெரியாத கூபியும், முரசு வாசிக்கத் தெரியாத பாகாவும் ஊரை விட்டுத் துரத்தப்படுகிறார்கள். காட்டில் பூதங்களின் அரசனைச் சந்தித்து மூன்று வரம் பெறுகிறார்கள். முடிவில், போருக்குப் புறப்பட்ட பட்டினிப் படை மீது வானத்திலிருந்து இனிப்புப் பானைகள் இறங்கும். வீரர்கள் ஆயுதங்களை எறிந்துவிட்டு இனிப்பைப் பிடிக்க ஓடுவார்கள். போர் நின்றுவிடும்!

அந்தப் படத்தில் ஆறு நிமிடத்துக்கும் மேலே பூதங்கள் ஆடும் நடனம் ஒன்று உண்டு. அரச பூதம், குடியானவப் பூதம், வெள்ளைக்காரப் பூதம், தொந்திப் பூதம் என நான்கு வகை. அதற்கு ரே எந்த வாத்தியங்களைப் பயன்படுத்தினார் தெரியுமா? மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங்! நம் கச்சேரி மேடையில் கேட்கிற தாளவாத்தியங்கள்தாம் வங்காளத்துப் பூதங்களை ஆட்டிவைத்தன.

முழுப் படத்தையும் வண்ணத்தில் எடுக்க ஆசை. பணம் போதவில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்து, கடைசிக் காட்சியை மட்டும் வண்ணத்தில் காட்டினார். வங்காளக் குழந்தைகள் அந்தப் படத்தைக் கொண்டாடித் தீர்த்தார்கள்.

இன்னொரு தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் நடனத்தை ரே தமது 14-ஆம் வயதில் கல்கத்தாவில் பார்த்து வியந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல், அவரைப் பற்றி 'பாலா' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அதற்குத் தமிழக அரசும் துணை நின்றது.

எரிந்தும் அழியாத படம்

1983-இல் ரேக்கு மாரடைப்பு வந்தது. வெளியே போய்ப் படம் எடுக்கக் கூடாது என்றார்கள் மருத்துவர்கள். சரி, நாணல் வெளி வேண்டாம், நான்கு சுவருக்குள்ளேயே எடுக்கலாம் என்று ரே முடிவு செய்தார். 1989-இல் 'கணசத்ரு' படத்தை முழுவதும் ஸ்டூடியோவுக்குள்ளேயே எடுத்தார். 1991-இல் வந்த 'ஆகந்துக்' அவருடைய கடைசிப் படம்.

குறும்படங்களும் ஆவணப்படங்களும் சேர்த்து மொத்தம் 36 படங்கள். 1992-இல் வாழ்நாள் சாதனைக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. மேடைக்குப் போக முடியாத நிலை. கல்கத்தா மருத்துவமனைப் படுக்கையிலேயே பெற்றுக்கொண்டார். அதே ஆண்டு 'பாரத ரத்னா'வும் கிடைத்தது. 1992 ஏப்ரல் 23-ஆம் தேதி, 71-ஆவது பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருந்தபோது, அவர் மறைந்தார். இத்தனை புகழுக்குப் பிறகும் அவர் குடியிருந்தது வாடகை வீட்டில்தான்.

கதை இதோடு முடியவில்லை குழந்தைகளே. 1993-இல் லண்டனில் ஒரு பிலிம் ஆய்வகத்தில் தீ விபத்து. அங்கே இருந்த அபு படங்களின் மூலப் பிலிம் சுருள்கள் கருகிப் போயின. இனி அவ்வளவுதான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கருகியதை யாரும் தூக்கி எறியவில்லை. பத்திரமாக வைத்திருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலியில் வல்லுநர்கள் அந்தச் சுருள்களை எடுத்து, ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் கையாலேயே ஒட்டிச் செப்பனிட்டார்கள். முற்றிலும் அழிந்த பகுதிகளுக்கு வேறு பிரதிகளைத் தேடிச் சேர்த்தார்கள். 2015 மே மாதம், அறுபது ஆண்டுகளுக்கு முன் முதலில் காட்டப்பட்ட அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில், 'பதேர் பாஞ்சாலி' மீண்டும் திரையில் ஒளிர்ந்தது.

ஒரு படத்துக்காக யாரோ முன்பின் தெரியாதவர்கள் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? அதை எடுத்தவர் ஒரு நாணல் பூவுக்காக ஓராண்டு காத்திருந்தவர். அந்தப் பொறுமையும் உண்மையும் ஒவ்வொரு காட்சியிலும் இருப்பதால்தான், மற்றவர்களும் அதற்காகப் பொறுமையோடு உழைக்கத் தோன்றியது.

நீங்களும் இயக்குநர் ஆக வேண்டுமா? காமிரா வாங்கித் தரச் சொல்லி அப்பாவை நச்சரிக்க வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்த ஒரு சின்ன நிகழ்ச்சியை ஆறு கட்டங்களில் படமாக வரையுங்கள். ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள். வரைந்து முடித்ததும் தம்பியிடமோ தங்கையிடமோ காட்டுங்கள். அவர்களுக்குக் கதை புரிந்துவிட்டதா? அப்படியானால் முதல் பாடத்தில் நீங்கள் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள்!